கடைசி வரிசைப் பழம்

நீ பொய் சொன்னாய். அவர் சொல்லாததைச் சொன்னதாக நீ போடவில்லை, அந்த அளவுக்கு நீ முட்டாள் இல்லை. சொன்னதில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் போட்டாய். எங்கள் ஊரில் இதற்கும் பொய் என்றுதான் பெயர்.

உன் பெயரையோ உன் சேனலின் பெயரையோ எழுத மாட்டேன். எழுதினால் இன்னும் நாலு பேர் போய்ப் பார்ப்பார்கள், அதிலும் உனக்கு லாபம். அவர் பெயரையும் எழுத மாட்டேன். ஒரு தடவை அந்த மனுசன் முகம் ஊரெல்லாம் போனது போதும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியாது. அதை நான் சொல்கிறேன்.

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற சாலையை ஒட்டி அவர் தோட்டமும் என் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிலும் பன்னீர் திராட்சைப் பந்தல். நடுவில் கம்பி வேலி, வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற சந்து. அவர் ராவுத்தர். எங்களுக்குள் ரத்த உறவு கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கம் அவர்களை மாமா என்றுதான் கூப்பிடுவோம், அவர்களும் பதிலுக்கு மாப்ளே என்பார்கள்.

மாமாவிடம் ஒரு கோளாறு உண்டு. எதையும் மறைக்கத் தெரியாது. இதை நேர்மை என்று சொல்லி முடித்துவிட முடியாது. நேர்மையானவன் கேட்டால் உண்மையைச் சொல்வான். இவர் கேட்காமலே சொல்வார்.

பழம் வெட்டிப் பெட்டியில் அடுக்கும்போது நாங்கள் எல்லோரும் நல்ல கொத்தை மேலே வைப்போம். வெடித்த பழம், நிறம் ஏறாத பழம் உள்ள கொத்து அடியில் போகும். வியாபாரிக்கும் அது தெரியும், அவனும் அப்படித்தான் விற்பான். மாமா மட்டும் தலைகீழாக அடுக்குவார். மோசமான கொத்து மேலே, முகத்துக்கு நேராக இருக்கும். வியாபாரி தலையில் அடித்துக்கொள்வான்.

"மாமா, இத அடியில வச்சாத்தான் யாவாரம்."

"அடியில வச்சா? வீட்டுக்குப் போயி கவுத்துப் பாக்குற பொம்பள என்னயத்தான வையும்."

"அந்தப் பொம்பளைக்கு உங்களத் தெரியவா போகுது?"

"தெரியாட்டி வையாதாக்கும்?"

மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு சொல்லிப்புடுறேன். இத ஆக்குனது எம்மக இல்ல, அவ அத்தை. எம்மகளுக்கு வெந்நி வைக்கக்கூட வராது. கோவம் வந்தா ரெண்டு நாளைக்குப் பேச மாட்டா. நல்ல பிள்ளதான், ஆனா இதையும் தெரிஞ்சுக்கங்க" என்றார். மாமி உள்ளே பாத்திரத்தைக் கீழே போட்டார். அந்தப் பையன் அதைக் கேட்டுத்தான் சம்மதித்தானாம். பின்னால் அவனே என்னிடம் சொன்னான். இப்போது அவனுக்கு இத்தாலியில் மிலான் நகரத்தில் வேலை. மகளும் அங்கேதான்.

மாமா இத்தாலி போனது அப்படித்தான். மகள் அத்தாவையும் அம்மாவையும் வரச் சொன்னாள். மாமிக்கு முழங்கால் வலி, விமானத்தில் அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார முடியாது என்றுவிட்டார். "மாப்ளே, நீ வா. நானும் திராட்சக்காரன், நீயும் திராட்சக்காரன். அங்கனயும் திராட்சதானாம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மிலானில் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் வாசலில் சுங்கத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். எங்களை யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் தாண்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணோம். அவரே போய் அந்த அதிகாரி முன்னால் பெட்டியைத் திறந்து வைத்து, மகளுக்காக மாமி கட்டிக் கொடுத்திருந்த உப்புக்கண்டத்தை எடுத்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கறி கொண்டு வரக் கூடாது என்று அதை வாங்கிக் குப்பையில் போட்டார்கள்.

வெளியே காத்திருந்த மகளுக்குக் கோபம். "உங்களக் கேட்டாகளா அத்தா?"

"கேக்கலம்மா."

"பெறகு எதுக்குக் காட்டுனீக?"

"பையில இருந்துச்சுல்ல."

வெரோனா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. மலையடிவாரம் முழுக்கத் திராட்சை. மகள் காரில் கூட்டிப்போனாள். டிவியில் காட்டுவது போல வரிசையாக வேலி மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துப் போனோம். அந்தப் பக்கத்தில் சில தோட்டங்களில் நம்மைப் போலவே தலைக்கு மேலே பந்தல் போட்டிருக்கிறார்கள். மாமா காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பந்தலுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ளே, நம்ம கூடலூர்டா."

அது சுற்றுலாக்காரர்கள் போகிற தோட்டம். ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, காலில் சேறு ஒட்டிய பூட்ஸ், அவர்தான் சொந்தக்காரர். பல தேசத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேரோடு எங்களையும் சேர்த்துச் சுற்றிக் காட்டினார். ஒரு மாடியில் வெட்டிய பழத்தை மூங்கில் தட்டுகளில் பரப்பிக் காயப் போட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் அப்படியே கிடக்குமாம், சுருங்கிய பிறகுதான் மதுவுக்குப் பிழிவார்களாம். நமக்கு ஒரு நாள் லாரி வரவில்லை என்றால் உயிர் போய் உயிர் வரும். மாமா அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாவுக்கு நாங்களும் திராட்சைக்காரர்கள் என்று தெரிந்ததும் மகளிடம் ஏதோ கேட்டார்.

"உங்க ஊர்ல கொடி எப்பத் தூங்கும்னு கேக்குறாக அத்தா. இங்க குளிர்காலம் பூரா தூங்குமாம்."

"தூங்கவா? நாங்க தூங்க விடுறதில்ல, கிளைய வெட்டிக் கவாத்துப் பண்ணி எழுப்பிருவோம், வருசத்துக்கு ரெண்டு தடவ காய்க்கணும்னு சொல்லு."

மகள் சொன்னாள். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"பாவம்ங்கிறாக."

"பாவந்தான். நாங்க மட்டும் தூங்கவா செய்றோம்னு சொல்லு."

மதுவை ருசி பார்க்கிற அறையில் எல்லோரும் ஒரு வாய் குடித்து, வாய்க்குள் சுழற்றி, ஒரு பாத்திரத்தில் துப்பினார்கள். மாமா என் காதில், "துப்புறதுக்கா இவ்வளவு பாடு?" என்றார். தனக்கு நீட்டிய கிளாஸைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எங்களுக்கு ஆகாதும்மா. கோவிச்சுக்காதீக. இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன், உங்க பழத்துல தோலும் விதையுந்தான் இருக்கு, சதையே இல்ல." மகள் முதல் பாதியை மட்டும் சொன்னாள். மாமா விடவில்லை, மீதியையும் சொல்ல வைத்தார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவருக்குப் பிழிந்த சாறு கொண்டுவரச் சொன்னார்.

பந்தலுக்குத் திரும்பி வந்தபோது மாமா ஓர் இலையைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கன வா மாப்ளே. இது என்னன்னு சொல்லு."

வெளிறிய நீலம். எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்கிற மருந்து. மழை விழுந்தால் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும், விட்டால் இரண்டே வாரத்தில் தோட்டம் போய்விடும். அதற்கு அடிப்பது. நாமும் அதைத்தான் அடிக்கிறோம். அந்த அம்மா தானாகவே எல்லோருக்கும் அதைக் காட்டி, மழைக்குப் பிறகு தெளிப்போம், பறித்தால் கழுவிச் சாப்பிடுங்கள் என்றார். யாரும் அலறவில்லை. ஒரு வெள்ளைக்காரர் ஒரு கொத்தைக் குழாயில் காட்டிக் கழுவித் தின்றார். அவ்வளவுதான்.

அப்போது கூட்டத்தில் ஒரு பெண், வீட்டில் நீங்கள் எந்த மதுவைக் குடிப்பீர்கள் என்று அந்த அம்மாவைக் கேட்டாள். இருப்பதிலேயே நல்ல பீப்பாயை விற்க மாட்டோம், அது குடும்பத்துக்கு என்றார் அவர். மகள் அதைச் சொன்னதும் மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நல்லத வீட்டுக்கு வச்சுக்கிட்டா விக்கிறது எத?"

எங்கள் வழக்கம் அப்படி இல்லை. விற்கிற பழத்தை வீட்டில் தின்ன மாட்டோம். இனிப்பு ஏறிவிட்டதா என்று ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்ப்பதோடு சரி. மாமா தோட்டத்தில் மேற்கு ஓரத்துக் கடைசி வரிசை தென்னை நிழலில் கிடக்கிறது. வெயில் படாது. ஒரே கொத்தில் பாதி கறுப்பு, பாதி பச்சை. வியாபாரி அதைத் தொட மாட்டான். வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பறிப்பது அந்த வரிசையில்தான். அதற்கும் அதே மருந்துதான் அடிப்போம், அதே டேங்க், அதே குழாய். பந்தல் ஒன்று, நோயும் ஒன்று. ஒரு வரிசையை விட்டால் அங்கிருந்து எல்லாவற்றுக்கும் பரவும்.

மாமா மகளைச் சொல்லச் சொன்னார். "நாங்க விக்கிற பழத்தச் சாப்பிடுறதில்ல. கடைசி வரிசைதான் எங்களுக்கு. நல்லதத் தின்னுபுட்டா வாங்குறவுகளுக்கு எதக் குடுக்குறது? புளிச்சத நாங்க திம்போம்."

மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த அம்மா வந்து தன் இரண்டு கையாலும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். மாமாவுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

காரில் திரும்பும்போது சொன்னார். "இங்கன உள்ளதச் சொன்னா நம்புறாக மாப்ளே."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொடங்கினார்.

"நம்ம ஊருக்கும் சனம் வருது. தேக்கடி போறவுக பூரா ரோட்டுல நின்னு வேலிக்கு வெளியவே போட்டா எடுத்துட்டுப் போயிர்றாக. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு எல்லாத்தையும் காட்டுனா என்ன?"

"நம்ம ஊரு வேற மாமா."

"மனுசன் ஒண்ணுதானடா."

ஊருக்கு வந்ததும் வேலியில் கேட் வைத்தார். பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார். மாமி சாறு பிழிந்தார். சாலையோரம் எல்லாத் தோட்டத்திலும் 'இயற்கை' என்று போர்டு தொங்குகிறது. மாமா அந்தப் போர்டு வைக்கவில்லை. வருகிறவர்களை முதலில் மருந்து கரைக்கிற தொட்டியிடம் கூட்டிப்போவார். "இதுதான் துத்தம், இது சுண்ணாம்பு. மத்த மருந்தும் அடிப்போம். வெட்டுறதுக்கு முன்ன நிப்பாட்டிருவோம். கழுவிட்டுத் தின்னுங்க." பிறகு கடைசி வரிசைக் கதையைச் சொல்வார். ஜனங்கள் சிரிப்பார்கள். சில பெண்கள் அந்தப் புளிப்புப் பழத்தையும் கேட்டு வாங்கித் தின்று பார்ப்பார்கள். ஒன்றிரண்டு வெள்ளாமை நன்றாகப் போனது. நான்தான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது.

பிறகு நீ வந்தாய்.

நான் அன்று வேலிச் சந்தில் உட்கார்ந்து என் மோட்டார் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். உனக்கு என் முகம் ஞாபகம் இருக்காது. ஐயா ஐயா என்று தேனாகப் பேசினாய். இது இயற்கையா என்றாய். இல்லை தம்பி, மருந்து அடிப்போம் என்றார். இதை நீங்கள் சாப்பிடுவீர்களா என்றாய். "நாங்க இதச் சாப்பிடுறதில்ல தம்பி. அந்தா, கடைசி வரிசை. வீட்டுக்கு அதுலதான் பறிப்போம்" என்று கை காட்டினார். அதற்கு மேல், இத்தாலியில் சொன்னது போலவே, ஏன் என்றும் சொன்னார். மாமி பின்னாலிருந்து, "வாக்கப்பட்டு வந்த நாளா எனக்குப் புளிப்புத்தான்" என்றார். நீயும் சிரித்தாய். கழுவிக் கொடுத்த கொத்தை முழுசாகத் தின்றாய். வீட்டுக்கு ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனாய். அதற்கு மாமா காசு வாங்கவில்லை.

நாலு நாள் கழித்து வீடியோ வந்தது. இலையில் நீலம். பயமுறுத்துகிற இசை. மாமா முகம் பெரிதாக. "நாங்க இதச் சாப்பிடுறதில்ல தம்பி." திரும்பத் திரும்ப அதையே மூன்று தடவை போட்டாய். அவர் கை கடைசி வரிசையைக் காட்டுகிறது. தனக்கு விஷமில்லாத பழம், உங்களுக்கு விஷம் என்று உன் முகமும் உன் குரலும். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். கீழே எழுதியவர்கள் பழத்தில் தொடங்கி அவர் தலையில் இருக்கிற தொப்பியில் போய் முடித்தார்கள்.

வழக்கமாகப் பழம் எடுக்கிற வியாபாரி போன் பண்ணினான். "மாமா, எனக்குத் தெரியாதா உங்கள? ஆனா எங்கிட்டப் பழம் வாங்குற கோட்டயத்துக்காரன் வீடியோவ அனுப்பி, இது ஆ தோட்டம் அல்லேன்னு கேக்குறான். நான் என்ன சொல்றது?"

"ஆமா, அந்தத் தோட்டந்தான்னு சொல்லு" என்றார் மாமா.

நான் கத்தினேன். நீங்களும் ஒரு வீடியோ போடுங்கள், நான் எடுக்கிறேன், நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"சொன்னேனேடா."

"பாதிதான மாமா போட்டிருக்கான்."

"பாதியும் நான் சொன்னதுதான. சொல்லலன்னு எப்படிச் சொல்ல?"

அவரை நகர்த்த முடியவில்லை. நான் உன் வீடியோவுக்குக் கீழே எழுதினேன், நீக்கிவிட்டாய். மறுபடி எழுதினேன், என்னைத் தடுத்துவிட்டாய். நீ கொடுத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகள் இத்தாலியிலிருந்து அந்தத் தோட்டத்து நீல இலையைப் படம் பிடித்துப் போட்டாள், அதைப் பார்த்தவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள்தான். போலீஸில் புகார் கொடுக்கப் போனேன். "அந்த ஆள் சொன்னதத்தான காட்டியிருக்கான், எந்தப் பிரிவுல போடச் சொல்றீக?" என்றார்கள். தோட்டத்தைப் பார்க்க வந்த தோட்டக்கலை அதிகாரி பழத்தில் தப்பில்லை என்றார். அதைக் கேமரா முன் சொல்லுங்கள் என்றேன். மேலே கேட்க வேண்டும் என்றார். மேலே யார் இருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பழம் எடுக்க வியாபாரி வரவில்லை. அந்த வாரம் மழை பிடித்தது. பழுத்து நின்ற பழம் கொடியிலேயே வெடித்தது. பந்தலுக்கு அடியில் நடந்தால் செருப்பு ஒட்டியது. தேனீயும் ஈயும் மொய்த்தன. புளித்த வாடை என் தோட்டம் வரைக்கும் வந்தது. அந்த இத்தாலி மாடியில் மூங்கில் தட்டுகள் முன்னால் அவர் நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

வெடிக்காமல் மிச்சமிருந்ததையாவது ஆடுகளுக்குப் போடலாம் என்று ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். வேலி ஓரம் வந்து நின்ற அவர் உள்ளே வரவில்லை. தலையைச் சொறிந்தார்.

"இல்ல மாமா... வீடியோவுல..."

"ஏலே, நீயுமா?"

"எனக்கென்ன மாமா. ஆடுக சினையா இருக்கு."

மாமா தோட்டத்துக்குள் திரும்பி நடந்தார். பந்தலில் கைக்கு எட்டிய கொத்து ஒன்றைப் பறித்தார். விற்கிற வரிசையில் நல்ல கொத்து. குழாயில் கழுவி, அந்த ஆளுக்கு எதிரே நின்றுகொண்டே ஒவ்வொரு பழமாகத் தின்றார். முழுக் கொத்தையும் தின்று முடித்தார். அத்தனை வருசத்தில் அந்த வரிசையில் அவர் ஒரு கொத்தைப் பறித்துத் தின்று நான் பார்த்ததில்லை. ஆட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாமா வெறும் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நல்லாவா மாப்ளே இருந்துச்சு?"

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீ சொல்.

அடுத்த கவாத்து நடக்கவில்லை. கொடிகளை அடியோடு வெட்டிவிட்டார். இப்போது அங்கே கல்தூண்களும் கம்பியும்தான் நிற்கின்றன. கேட்டில் பூட்டு. சில வண்டிகள் இன்னும் வந்து நின்று, பூட்டைப் பார்த்துவிட்டுப் போகின்றன. மாமாவும் மாமியும் உத்தமபாளையத்தில் மாமியின் தம்பி வீட்டுப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சர்க்கரை எவ்வளவு, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு, மாமியோடு என்ன சண்டை, எல்லாம் கொட்டிவிடுவார். அன்று பேசாமல் இருந்தார். நானாகக் கேட்டேன்.

"எப்படி மாமா இருக்கீக?"

"நல்லா இருக்கேன்."

கதவருகில் நின்ற மாமி தரையைப் பார்த்தார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. அதை அவருக்குக் கற்றுக் கொடுத்தது நீ.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். பழம் திரும்பி வராது, கொடியும் வராது. ஒன்றே ஒன்று செய். உன் வீடியோவை நீயே நிறுத்திப் பார். அவர் கை காட்டுகிற கடைசி வரிசை இலையிலும் அதே நீலம் இருக்கிறது. அது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் விட்டாயா? அன்று எடுத்த முழுப் படமும் உன்னிடம் இருக்கும். அதை வெட்டாமல் போடு. தொலைந்துவிட்டது என்றால், லட்சம் பேருக்குக் காட்டிய உன் முகத்தை அதே லட்சம் பேருக்கு முன்னால் மறுபடி காட்டி, உன் வாயால் சொல்: "நாங்க இதச் சாப்பிடுறதில்ல தம்பி" என்று சொன்ன பிறகு அந்த மனுசன் உன்னிடம் என்ன சொன்னார்?